படம் எடுத்தீர்களே, பிரதி கொடுத்தீர்களா?



ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், எங்கள் ஓசூர்ப் பக்கத்துப் பூந்தோட்டங்களின் ஓரத்தில் கார்களும் பைக்குகளும் வரிசையாக நிற்கின்றன. பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் பாதி, உள்ளூர்க்காரர்கள் பாதி. சாமந்தியும் செண்டுமல்லியும் பூத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் வயல் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நானும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். ஆனால் அந்தத் தோட்டத்துக்காரர்களையும், அங்கே களை எடுக்கிற, பூப்பறிக்கிற பெண்களையும் சேர்த்துத்தானே படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்? அதில் ஒரு பிரதியாவது அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

தென்காசி மாவட்டம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து செடியை மிதித்து நாசம் செய்ததால், சில விவசாயிகள் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள் என்று பேப்பரில் படித்தேன். கர்நாடகாவில் குண்டலுப்பேட்டைப் பக்கமும் அப்படித்தானாம். "பூவைப் பார்க்கிறதுக்கும் காசா?" என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். எனக்கென்னவோ அவர்கள் வாங்குவது நியாயமாகத்தான் படுகிறது. உரம் போட்டு, மருந்தடித்து, ராத்திரி கண்விழித்துத் தண்ணீர் பாய்ச்சியது அவர்கள். நம் வீட்டு வாசல் கோலத்தை நாலு பேர் மிதித்துவிட்டுப் போனாலே நாம் எப்படிக் கத்துகிறோம்!

ஆனால் நாங்கள் போன இடத்தில் யாரும் கட்டணம் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததுதான் அதிகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

2023 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. என் நாத்தனார் மகன் காலேஜில் படிக்கிறான். பழைய கேமரா ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு, "அத்தை, சாமந்தித் தோட்டத்துல படம் எடுக்கணும், எல்லாரும் வாங்க" என்று ஒரே பிடிவாதம். நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கும் என் மகள், அவன் என நாலு பேரும் இரண்டு வண்டியில் ராயக்கோட்டை ரோட்டில் கிளம்பினோம். உத்தனப்பள்ளி தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் மஞ்சளாய் ஒரு தோட்டம். கண்ணை எடுக்க முடியவில்லை.

வரப்பில் நின்று கேட்டோம். அறுபது வயதிருக்கும், ஒரு அம்மா. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லாம் ஒரே வாயில் கலந்து வரும். அந்த அம்மாவின் பேச்சும் அப்படித்தான். அங்கிருந்த பிள்ளைகள் கூப்பிட்ட மாதிரியே நாங்களும் அவ்வா என்று கூப்பிட்டோம். "செடிய மட்டும் மிதிக்காதீங்கம்மா, நடுவுல வாய்க்கா இருக்குது, அதுல நடந்து போங்க" என்றார். அவ்வளவுதான் நிபந்தனை. என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வாழைநாரில் ஒரு முழம் சாமந்தியைக் கட்டித் தலையில் வைத்துவிட்டார். கையில் நூறு ரூபாயைத் திணித்தேன். அவர் வாங்கவே இல்லை.

மருமகன் அவரையும் நாலைந்து படம் எடுத்தான். எடுத்ததைக் கேமராவிலேயே காட்டினான். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தவர் சொன்னார்: "எவ்ளோ பேரு வந்து புடிச்சிட்டுப் போறாங்க கண்ணு. இப்பிடித்தான் ஒரு தடவை காட்டுவாங்க. அவ்ளோதான். எம் மூஞ்சி எந்தெந்த ஊர்ல சுத்துதோ, எனக்குத் தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் கூப்பிட்டார். கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று. அவர் வீட்டுக்காரர், கரோனா இரண்டாவது அலையில், 2021-ல் போய்விட்டாராம். படம் மங்கலாக, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. "கார்டுல இருந்த போட்டோவைத்தான் பெருசு பண்ணிக் குடுத்தாங்க. அவரு இப்பிடி இருக்கவே மாட்டாரு. எப்பவும் தலையில துண்டு, வாயில சிரிப்பு" என்றார்.

இந்த இடத்தில்தான் தோழியரே, என் மனசு அடித்துக்கொண்டது. எத்தனை வருஷமாக அந்தத் தோட்டத்தில் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! தலையில் துண்டோடு, சிரித்த முகத்தோடு அந்தப் பெரியவர் எத்தனை பேருடைய போனில் இருப்பார்! பெங்களூரில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பழைய போனில், இப்போதும் இருப்பார். அவர் பெண்டாட்டிக்கு மட்டும் கிடைத்தது ஓட்டர் கார்டு படம்.

போட்டோ ஸ்டூடியோவில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஒரு பெரியவர் இறந்துவிட்டால் பிள்ளைகள் ஆதார் கார்டையோ ரேஷன் கார்டையோ எடுத்துக்கொண்டு ஓடி வருவார்களாம், "இதைப் பெரிசாக்கிக் குடுங்க" என்று. ஆதார் படத்தில் நாம் யாராவது நம் ஜாடையில் இருக்கிறோமா? என் கார்டைப் பார்த்து என் மகளே இன்னும் சிரிக்கிறாள். அந்த முகத்தோடு வருஷக்கணக்கில் சுவரில் தொங்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

"இப்போது யாரிடம்தான் செல்போன் இல்லை, அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். அந்த அவ்வாவிடம் இருந்தது பட்டன் போன். மகன் ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்டு முடிந்து வந்து படுக்கத்தான் நேரம். வீட்டில் ஒரு டச் போன் இருந்தாலும் அதில் அம்மாவை நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று எந்த மகனுக்குத் தோன்றுகிறது? நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். போன் நிறையப் பிள்ளைகள் படம்தான். மாமியார் படம் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். இருக்கிற படமும் போன் தண்ணீரில் விழுந்தால் போச்சு. காகிதத்தில் போட்டு வைத்ததுதான் பீரோவில் நிற்கும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது.

என் அப்பா அரூர் பக்கத்துக்காரர். ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்த காலத்தில் பிழைப்புத் தேடி எத்தனையோ குடும்பங்கள் வந்தது போல, 1996-ல் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்ட வந்தவர். எங்களிடம் கேமராவெல்லாம் கிடையாது. 1997-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை கிருஷ்ணகிரி அணைக்கு அழைத்துப் போனார். காமராஜர் காலத்தில் தென்பெண்ணையில் கட்டிய அணை. முன்னால் பூங்கா, வெளியே பொரித்த மீன் கடைகள். எனக்கு அப்போது பத்து வயசு. பூங்காவில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர் கழுத்தில் கேமரா. எங்களைப் பார்த்து, நாலு பேரும் சேர்ந்து நில்லுங்கள், ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று கன்னடத்தில் சொல்லிக் கையைக் காட்டினார்.

அப்பா விறைப்பாக நின்றார். அந்த மனிதர் "ஸ்வல்ப நகி, ஸ்வல்ப நகி" என்றார். கொஞ்சம் சிரியுங்கள் என்று அர்த்தம். ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அம்மாவுக்குக் கன்னடம் பிடிபடவில்லை. நகையைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று நினைத்துச் சட்டென்று முந்தானையை இழுத்துத் தாலிச் சரட்டை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்த நிமிஷம் அவர் பொத்தானை அமுக்கிவிட்டார்.

விலாசத்தை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு போனார். அனுப்புவார் என்று அப்பாவே நம்பவில்லை. அப்போதெல்லாம் ஒரு பிலிம் ரோலில் 36 படம்தான். ரோல் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. முன்பின் தெரியாதவர்களுக்காக ஒரு படத்தைச் செலவழித்ததே பெரிசு. இரண்டு மாசம் கழித்து பெங்களூர் முத்திரையோடு ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு பிரதி, வளையாமல் இருக்க நடுவில் ஒரு அட்டை. அனுப்பியவர் பெயர்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்களை அடித்து விரட்டியபோது, எல்லையைத் தாண்டி முதலில் வந்து சேர்ந்த ஊர் எங்கள் ஓசூர்தான். அதற்கு ஆறு வருஷம்கூட ஆகாத நேரம் அது. கன்னடத்துக்காரர் என்றாலே எங்கள் தெருவில் சிலர் முகம் சுளிப்பார்கள். 2016 செப்டம்பரில் மறுபடியும் பஸ்ஸெல்லாம் எரிந்தபோது, எல்லையில் வண்டிகள் நின்று, ஜனங்கள் பெட்டி படுக்கையோடு அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே வந்தார்கள். அந்தக் காட்சிகளை டி.வி.யில் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. பீரோவைத் திறந்து அந்தக் கவரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்பா 2009-ல் காலமானார். அவர் சிரிக்கிற படம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான். மாலை போட்டுச் சுவரில் இருப்பதும் அதிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதுதான். பெயர் தெரியாத ஒருவர் ஒரு கவருக்கும் தபால்தலைக்கும் செலவு செய்ததால் எங்களுக்கு அப்பா முகம் இருக்கிறது. அந்த அவ்வாவுக்கு இல்லை.

இந்தக் கதையை நான் சொல்லக் கேட்டு, என் மகள் இன்டர்நெட்டில் தேடி ஒரு விஷயம் சொன்னாள். 1936-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், பட்டாணி பறிக்கிற கூலிகள் தங்கியிருந்த இடத்தில், குழந்தைகளோடு கவலையாய் உட்கார்ந்திருந்த ஒரு தாயை டாரதியா லாங்கே என்ற பெண்மணி படம் எடுத்தாராம். அரசாங்கத்துக்காக வேலை பார்த்தவர். உலகம் பூராவும் புகழ் பெற்ற படம் அது. அந்தத் தாயின் பெயர் ப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்ததே 1978-ல்தான், 42 வருஷம் கழித்து. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று சொன்னார், அனுப்பவே இல்லை என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டாராம். எத்தனை பெரிய படமாக இருந்தாலும் எடுக்கப்பட்டவரின் குறை அதுதான் பாருங்கள்! 1983-ல் அவர் நோயில் படுத்தபோது பிள்ளைகள் உதவி கேட்டுப் பேப்பரில் சொல்ல, அந்தப் படத்தைப் பார்த்திருந்த யார் யாரோ ஆயிரக்கணக்கான டாலர் அனுப்பினார்கள். முகம் தெரியாதவர்கள் அனுப்பினார்கள். அனுப்புகிறேன் என்று சொன்ன பிரதிதான் வரவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று கிளம்பினோம். உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் வருகிற வழியில் சானமாவு காடு இருக்கிறது. பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைகள் கூட்டமாக வந்து, கேழ்வரகு அறுக்கிற காலத்தில் இந்தப் பக்கம் தங்கிவிடும். வருஷா வருஷம் நடக்கிறதுதான். பயிர் போவது மட்டுமில்லை, உயிரும் போயிருக்கிறது.

காட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே வந்த பால் வண்டி ஒன்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு நின்றது. டிரைவர் இறங்கிக் கையை விரித்தார். "அக்கா, முன்னால போகாதீங்க. ரோட்டு ஓரத்துல நாலஞ்சு யானை நிக்குது. டூ வீலர்ல குழந்தைய வெச்சிக்கிட்டுப் போற நேரமா இது?" அவர் ஓசூரில் பால் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அவர் பாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வண்டியை ரோட்டில் குறுக்கே நிறுத்திப் பின்னால் வந்த எல்லோரையும் திருப்பினார். மருமகன் கேமராவைக் கையில் எடுத்ததும், "தம்பி, அத மொதல்ல பைக்குள்ள போடு. லைட் அடிச்சா வந்துடும்" என்று ஒரு அதட்டல்.

பின்னால் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா என் மகளை மட்டும் தனியாக வீட்டுக்குள் அழைத்துப் போனார். பெண் பிள்ளையோடு வெளியே போகும் தாய்மாருக்கு என்ன கஷ்டம் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? கேட்காமலே புரிந்துகொண்டார். இரண்டு மணி நேரம் ஆனது. பனி வேறு. அடுப்பில் அவர்கள் வீட்டுக்கு என்று வைத்திருந்த களியை உருட்டி, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றி எங்கள் நாலு பேருக்கும் கொடுத்தார். "கடைக் கணக்கு டீக்கு மட்டும்தாம்மா, இது வீட்டுச் சோறு" என்று சொல்லிக் காசை ஒதுக்கிவிட்டார். அந்த வீட்டில் அன்று யார் குறைவாகச் சாப்பிட்டார்களோ, தெரியாது.

வனத்துறை ஆட்கள் வந்து பட்டாசு வெடித்து விரட்டி, போகலாம் என்று சொன்னபோது எட்டு மணிக்கு மேல். அப்போதும் அந்தப் பால் வண்டிக்காரர் எங்களைத் தனியே விடவில்லை. தன் வீடு இந்தப் பக்கம் இருக்க, வண்டியைத் திருப்பி, காடு முடிகிற வரைக்கும் எங்களுக்கு முன்னால் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தார். காடு தாண்டியதும் ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பெயர் கேட்கக்கூட வழியில்லை.

முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதே என்று நாம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். காலம் அப்படி, நானும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். அன்று நாங்கள் யாரிடமும் போன் நம்பர் கொடுக்கவில்லை, வீட்டு விலாசம் சொல்லவில்லை. பிரதி கொடுப்பதற்கு நம் விலாசம் எதற்கு? ஊர் எது, தோட்டம் எது என்று தெரிந்தால் போதாதா? பக்கத்து டீக்கடையில் கொடுத்தாலும் சேர்ந்துவிடும்.

இன்னொரு வழக்கத்தையும் இந்த இடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். களை எடுக்கிற பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக் குனிந்து நிற்கும்போது கேட்காமலே எடுத்து, ரீல்ஸ் என்றும் ஸ்டேட்டஸ் என்றும் போட்டுவிடுகிறார்கள். நம்மை யாராவது பாத்திரம் தேய்க்கிறபோது எடுத்துப் போட்டால் சும்மா விடுவோமா? கேட்டுவிட்டு எடுத்தால் அவர்களும் தலையைச் சரிசெய்துகொண்டு, சேலையை உதறிக்கொண்டு, எவ்வளவு ஆசையாக நிற்கிறார்கள் தெரியுமா!

வீட்டுக்கு வந்ததும் மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஸ்டூடியோவில் கொடுத்துப் பன்னிரண்டு படம் பிரிண்ட் போட்டோம். ஒரு சினிமா டிக்கெட் காசுதான் ஆகியிருக்கும். பொங்கலுக்கு முன்னால், பெண்களுக்கு இலவசமாக விடும் டவுன் பஸ்ஸில் நானும் என் மகளும் கொண்டுபோனோம். அவ்வா படத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம். "இது எனக்கேவா?" என்றார். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அடுத்த தடவை வரும்போது எங்களையும் எடுக்கச் சொல்லு என்று என் மகளிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள்! ஒருத்தி, தன் மாமனாரை மட்டும் சீக்கிரம் எடுத்துவிடு, அவருக்கு உடம்பு முடியவில்லை என்றாள். மருமகனை மறு வாரமே அனுப்பிவைத்தேன்.

டீக்கடை அம்மாவுக்கும் அவர் பிள்ளைகளோடு நிற்கிற படத்தைக் கொடுத்தாயிற்று. இன்னும் ஒரு படம் மட்டும் என்னிடமே இருக்கிறது. அன்று கடையில் காத்திருந்தபோது, பால் வண்டிக்காரர் குண்டு பல்பு வெளிச்சத்தில் டீ கிளாஸோடு நின்றதை அவரிடம் கேட்டே மருமகன் எடுத்தான். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் சிவப்பு மப்ளர், நன்றாக விழுந்திருக்கிறது. இரண்டு முறை போய் விசாரித்தும் ஆள் கிடைக்கவில்லை. அவர் இப்போது ரூட் மாறிவிட்டார், கெலமங்கலம் பக்கம் ஓட்டுகிறார் என்று கடைக்கார அம்மா சொன்னார். அந்தப் பக்கத்துத் தோழியர் யாராவது இதைப் படித்தால், காலையில் பால் ஊற்ற வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். 2023 டிசம்பரில் சானமாவு காட்டில் யானை நின்றபோது, இரண்டு டூ வீலருக்கு முன்னால் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தவர் நீங்கள்தானா என்று. ஆமாம் என்றால், உத்தனப்பள்ளி ரோட்டு டீக்கடையில் அவர் படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். வளையாமல் இருக்க நடுவில் அட்டை வைத்திருக்கிறேன்.

- ஓர் இல்லத்தரசி, ஓசூர்.